ஆள் கிடைக்காத சொற்கள்

ஜெலஸி வேறு, என்வி வேறு, சார். இரண்டும் ஒன்றுதான் என்று நாடு முழுக்க நம்பிக்கொண்டிருக்கிறது. நீங்களும் நம்புகிறீர்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் இதை இப்படியே விட்டுவிடவும் முடியாது. பஸ் ஆலங்குளம் போவதற்குள் சரி செய்துவிடலாம்.

அடுத்தவரிடம் இருப்பது நம்மிடம் இல்லையே என்று வெதும்புவது என்வி. நம்மிடம் இருப்பதை அடுத்தவர் கொண்டுபோய்விடுவாரோ என்று பதறுவது ஜெலஸி. என்விக்கு இரண்டு பேர் போதும். ஜெலஸிக்கு மூன்று தரப்பு வேண்டும். தமிழில் இரண்டுக்கும் சேர்த்துப் பொறாமை என்று ஒரே சொல்லை வைத்துச் சமாளித்து வருகிறோம். எனக்கு இரண்டும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு குழப்பம் வரக் கூடாது பாருங்கள்.

எதற்கு இதைச் சொல்கிறேன் என்றால், உங்கள் மடியில் இருக்கிற அந்தப் புத்தகம். மகளுக்கா? பேங்க் தேர்வா? நல்லது. 'ஐயாயிரம் ஆங்கிலச் சொற்கள், முப்பதே நாளில்' என்று அட்டையில் போட்டிருக்கிறான். ஒரு நாளைக்கு நூற்று அறுபத்தாறு சொச்சம் வருகிறது. சொச்சத்தை எப்படிப் படிப்பது என்று உள்ளே எழுதியிருக்கிறானா, பாருங்கள். எழுதியிருக்க மாட்டான்.

என் பெயர் கோமதிநாயகம். பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர். ஆசிட் பாட்டிலைத் துடைத்து வைக்கிற வேலை. அது பத்திலிருந்து நாலரை வரைக்கும். காலை ஆறிலிருந்து எட்டரை வரைக்கும் நான் வேறு ஆள். எங்கள் ஊர் நகராட்சிப் பூங்காவில் ஒரு மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதன் அடியில் பேங்க் தேர்வு, கிளார்க் தேர்வு என்று படிக்கிற பிள்ளைகள் கூடுவார்கள். தொட்டியடி வட்டம் என்று பெயர். கிழக்குத் தூணில் ஓர் ஆள் உயரத்துக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்தது நான். அதில் தினமும் காலையில் பத்து ஆங்கிலச் சொற்கள், அர்த்தத்தோடும் லத்தீன் வேரோடும் எழுதிப் போட்டதும் நான். பதினான்கு வருஷம், சார். மழைக்காலத்தைக் கழித்தாலும் முப்பதாயிரம் சொல்லுக்குக் குறையாது.

நான் தேர்வு எழுதவில்லையா என்று கேட்பீர்கள். எழுதினேன். ஒன்பது தடவை. இங்கிலீஷில் ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. கணக்கு இருக்கிறதே, அதில் என்னமோ அவர்களுக்கு என் மேல் ஒரு கோபம். அப்புறம் வயது வரம்பு தாண்டிவிட்டது. தாண்டினால் என்ன? வட்டத்தில் படித்து முப்பத்தாறு பேர் வேலைக்குப் போயிருக்கிறார்கள். போகிற அன்றைக்கு ஒவ்வொருவரும் ஒரு பாக்கெட் சுண்ணக்கட்டி வாங்கி என் கையில் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. யாரும் சொல்லி வைத்ததில்லை.

அங்கேதான் அந்தப் பேச்சித்தாய் வந்து சேர்ந்தாள்.

ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. ஒன்பதரைக்குக் கடை. முப்பது வயதும் மூன்று மாதமும். அந்த வருஷத் தேர்வை விட்டால் அவளுக்கும் வயது வரம்பு முடிந்தது. அதையெல்லாம் முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டுதான் சேர்த்தேன். பின்னால் ஓரமாக உட்காருவாள். நான் எழுதுவதை அப்படியே எழுதிக்கொள்வாள். அடக்கமான பெண் என்றுதான் நினைத்தேன். அடக்கம் என்பதற்கே ஆங்கிலத்தில் ஆறு சொல் இருக்கிறது, அதில் இரண்டு பொய்யான அடக்கத்துக்கு என்பது அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை.

ஒரு நாள் பழைய சொற்களில் பரீட்சை வைத்தேன். "கார்ருலஸ்?" என்றேன். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அதற்கு முந்தைய வாரம்தான் எழுதிப் போட்டது. லத்தீனில் கார்ரிரே என்றால் சளசளவென்று பேசுவது, அதிலிருந்து வந்தது என்றெல்லாம் விளக்கியிருந்தேன். அப்போது பின்னாலிருந்து அவள் சொல்கிறாள்:

"நம்ம டீக்கடை ஆவுடையப்பண்ணன், அண்ணாச்சி."

வட்டமே சிரித்தது. ஆவுடையப்பனிடம் டீ சொன்னால், டீ வருவதற்குள் அவன் மச்சினன் துபாய் போன கதை முழுதும் வந்துவிடும்.

"அது ஆளும்மா. நான் கேட்டது அர்த்தம்" என்றேன்.

"ஆளு வந்துட்டா அர்த்தம் பின்னாலயே வந்துரும்லா?" என்றாள்.

வந்துவிட்டது. அதுதான் வேதனை. அதற்குப் பிறகு அந்தச் சொல்லை ஒருத்தரும் மறக்கவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் ஆள். அதற்கு 'ஆள் ஒட்டுறது' என்று பெயரும் வைத்தார்கள். ஃபாஸ்டிடியஸ் என்றால் எதிலும் திருப்தி வராதவர், இல்லையா? அதற்குத் தாலுகா ஆபீஸ் சூப்பரிண்டெண்ட் வீட்டம்மா. எழுபது சேலையை விரிக்கச் சொல்லிவிட்டு, பார்டர் ஒரு நூல் அதிகம் என்று எழுந்து போகிறவர். உபீக்விட்டஸ், எங்கும் நிறைந்திருப்பவர். வார்டு கவுன்சிலர். எந்தக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினாலும் மாப்பிள்ளைக்குப் பின்னால் நிற்பார். லெதார்ஜிக், எழுந்திருக்கவே சோம்பல்படுகிறவர். பூங்கா வாட்ச்மேன் சங்கிலி. வினைச்சொல்லுக்கும் ஆள் உண்டு. ப்ரொக்ராஸ்டினேட், தள்ளிப்போடுவது. அது எங்கள் தெருக் குழாய் ரிப்பேர்க்காரர். 'நாளைக்கு வாரேன்' என்று சொன்னவர் இன்னும் வந்துகொண்டே இருக்கிறார்.

இதற்கு விதிமுறைகள் வேறு. ஒட்டப்படுகிற ஆள் வட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்தவராக இருக்க வேண்டும். தனக்கு எந்தச் சொல் என்று அந்த ஆளுக்குத் தெரியக் கூடாது. ஒருத்தரை ஒரு சொல்லுக்கு ஒட்டிவிட்டால் ஒட்டினதுதான், பிய்க்கக் கூடாது. சட்டசபை கெட்டது போங்கள்.

நான் தடுக்கவில்லை. தடுத்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேர் தெரியாமல் சொல் படிப்பது எப்படிப்பட்டது என்று ஒரு நாள் முக்கால் மணி நேரம் எடுத்துச் சொன்னேன், அவ்வளவுதான். ஜெபசிங் என்று ஒரு பையன், இருபத்திரண்டு வயது, வாய் சும்மா இருக்காது. "அண்ணாச்சி, வேரு நல்லாத்தான் இருக்கு. ஆனா பரீட்சைல வேரைக் கேக்க மாட்டாங்களே" என்றான். சிரித்துக்கொண்டேன்.

கொஞ்சம் கொஞ்சமாக என்ன ஆயிற்றென்றால், பிள்ளைகள் தூணுக்கு முன்னால் உட்காருவதை விட்டுவிட்டு அவள் உட்காருகிற மேற்குப் பக்கம் வட்டமாக உட்கார ஆரம்பித்தார்கள். வெயில் படுகிறது என்றார்கள். காலை ஆறு மணிக்கு என்ன வெயில்? முன்பெல்லாம் ஆவுடையப்பன் கடையிலிருந்து டீ வந்தால் முதல் கிளாஸ் எனக்கு. அப்புறம் தட்டு மேற்கே போய்விட்டுக் கிழக்கே வர ஆரம்பித்தது. நான் ஆறின டீயை விரும்புகிறவன் என்பதால் எனக்கு ஒன்றுமில்லை.

ஒரு சோதனை செய்து பார்த்தேன். சுண்ணக்கட்டி தீர்ந்துபோயிற்று. முன்பெல்லாம் தீருவதற்கு முன்பே யாராவது வாங்கி வைப்பார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். தூணில் பழைய பத்துச் சொல் அப்படியே கிடந்தது. முதல் நாள் யாரும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் யாரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் மைதீன் பாத்து என்கிற பெண் தூணைப் பார்த்தாள். கேட்கப் போகிறாள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். தூணில் கண்ணாடி மாதிரி முகம் தெரிந்ததாம், தலையில் போட்ட தட்டத்தைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். நான்காம் நாள் நானே போய்ச் சுண்ணக்கட்டி வாங்கி வந்தேன்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்கு எந்தச் சொல்லை ஒட்டியிருப்பார்கள்?

நினைத்துப் பாருங்கள். ஊரில் பால்காரன், கம்பவுண்டர், கவுன்சிலர் எல்லோருக்கும் ஒட்டியாகிவிட்டது. தினமும் கண் முன்னால் இருக்கிற என்னை விட்டிருப்பார்களா? ஜெபசிங்கைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"விதி அண்ணாச்சி. சம்பந்தப்பட்டவங்கட்ட சொல்லக் கூடாது."

"அப்போ ஏதோ ஒண்ணு இருக்கு?"

"நான் அப்படிச் சொல்லலையே."

"இல்லைன்னு சொல்லுதியா?"

"அதையும் சொல்லலையே" என்று ஓடிவிட்டான்.

உண்மையைச் சொன்னால் எனக்கு மனதுக்குள் ஒரு சொல் இருந்தது. மேக்னானிமஸ். மேக்னஸ் பெரிது, அனிமஸ் மனம். பெருந்தன்மை. ஒருவேளை இன்னும் ஒட்டாமல் இருந்தால் அவர்களுக்கு எடுத்துக் கொடுக்கலாமே என்று, மறுநாள் எல்லோருக்கும் கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு போனேன். பேச்சித்தாய்க்கு இரண்டு. அதற்கடுத்த நாளும் வாங்கினேன். மூன்றாம் நாள் ஒரு பேச்சுவாக்கில் தெரியவந்தது, அந்தச் சொல்லை எப்போதோ கம்பவுண்டர் மூக்கையாவுக்கு ஒட்டிவிட்டார்கள். இல்லாதவர்களுக்குச் சும்மா மருந்து கொடுக்கிறாராம். ஒட்டினால் பிய்க்கக் கூடாது. மிட்டாயை நிறுத்திவிட்டேன். பல்லுக்கு ஆகாது.

எல்லாவற்றையும் அவள் ஒரு நீல அட்டை நோட்டில் எழுதி வைத்திருந்தாள். ஒரு வரிக்கு மூன்று கட்டம். சொல், அர்த்தம், ஆள். எட்டு மாதத்து உழைப்பு. அதை யார் கையிலும் கொடுக்க மாட்டாள். சேலைப் பிரிவில் மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் விரித்து வைத்த சேலைக்குக் கீழே வைத்துப் படிப்பாளாம்.

தேர்வுக்கு இருபத்தைந்து நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திடீரென்று மழை. எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு வாட்ச்மேன் கொட்டகைக்கு ஓடினார்கள். நான் நிதானமாக எழுந்தேன். பார்த்தால் தொட்டித் தூணின் அடித்திட்டில் நீல நோட்டு. சாரல் அடிக்கிறது. நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்? நனையட்டும் என்று விடுவீர்களா? எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். கொட்டகையில் ஒரே கூட்டம், அதனால் நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் மனைவி சண்முகவடிவு ஈரத் தலையோடு நிற்கிற என்னைப் பார்த்தாள். சட்டைக்குள் இருந்து வெளியே வந்த நோட்டையும் பார்த்தாள்.

"யாரு நோட்டு?"

"வட்டத்து நோட்டு."

"தலை நனைஞ்சிருக்கு. நோட்டு நனையலையே" என்றாள். அவள் இப்படித்தான், சம்பந்தமில்லாமல் பேசுவாள்.

அன்று சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படித்தேன். முதல் வரியிலிருந்து. இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு சொற்கள். ஒவ்வொன்றிலும் மூன்றாவது கட்டத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இம்பெட்டுவஸ், முன்பின் யோசிக்காதவன். ஜெபசிங், சரிதான். மெட்டிகுலஸ், ஒரு புள்ளிகூடத் தவற விடாதவர். மைதீன் பாத்து, இருக்கட்டும். எருடைட், பல நூல் கற்றவர். இதில் கை நின்றது. ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவரைப் போட்டிருந்தாள். அவர் செய்தித்தாளில் ராசிபலனைத் தவிர எதையும் படித்து நான் பார்த்ததில்லை. ஃபோர்பேரன்ஸ் என்று ஒரு சொல். எவ்வளவு தொல்லை கொடுத்தாலும் பொறுத்துப்போகிற குணம். அதற்கு எதிரே, 'அண்ணாச்சி வீட்டு அக்கா' என்று எழுதியிருக்கிறது. சண்முகவடிவு! அவளுக்கு எங்கே சார் தொல்லை? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

என் பெயர் இல்லை.

மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். இல்லை. கெட்ட சொற்களில் தேடினேன். சார், சத்தியமாகச் சொல்கிறேன், அதில் இருந்திருந்தால்கூட ஒரு மாதிரி ஆறுதலாக இருந்திருக்கும். பெடான்ட் என்று ஒரு சொல் உண்டு, படிப்பைக் காட்டிக்கொண்டு அடுத்தவர் கழுத்தை அறுப்பவர். அதற்கு யாரோ ரயில்வே கிளார்க்கைப் போட்டிருந்தாள். பூங்காவில் திரிகிற கறுப்பு நாய்க்குக்கூட ஒரு சொல் இருந்தது. எனக்கு இல்லை.

கடைசிப் பக்கத்தில் தனியாக ஒரு பட்டியல். 'ஆள் கிடைக்காத சொற்கள்' என்று தலைப்பு. பதினேழு சொல். வெனரபிள், வணக்கத்துக்குரியவர். ஸ்டால்வர்ட், அசையாத உறுதி கொண்டவர். பர்லாய்ன், அடுத்தவர் பொருளைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்வது. இந்தப் பர்லாய்னை நான் தூணில் மூன்று தடவை எழுதிப் போட்டிருக்கிறேன், ஒருத்தர் தலையிலும் நின்றதில்லை. அதற்கு எதிரே அவள் சின்னதாக எழுதியிருந்தாள்: 'தொட்டியடியில் இதுவரை ஒரு பேனாகூடத் தொலைந்ததில்லை.' இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு.

திருப்பிக் கொடுக்கத்தான் இருந்தேன். திங்கட்கிழமை போனால், பிள்ளைகள் எல்லோரும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். சங்கிலிகூட எழுந்து நின்றான், அவ்வளவு பெரிய விஷயமாகிவிட்டது. நானும் கூடச் சேர்ந்து தேடினேன். சும்மா நிற்க முடியுமா? அவள் முகம் ஒரு ராத்திரிக்குள் சுருங்கிப் போயிருந்தது.

"அண்ணாச்சி, நீங்கதான கடைசியா எந்திரிச்சீய? பாத்தீயளா?"

"நோட்டை நம்பிப் படிக்கக் கூடாதும்மா" என்றேன். கவனியுங்கள், நான் பொய் சொல்லவில்லை. அதுவும் ஒரு பதில்தான். அவள் கேட்ட கேள்விக்கு இல்லை, அவ்வளவுதான்.

"இதான் எனக்குக் கடைசித் தடவை அண்ணாச்சி" என்றாள்.

செவ்வாய்க்கிழமை கொடுத்தால், திங்கட்கிழமை ஏன் கொடுக்கவில்லை என்பார்கள். புதன்கிழமை கொடுத்தால், செவ்வாய்க்கிழமையும் சேர்ந்துகொள்ளும். நேர்மையானவனுக்கு இந்த மாதிரி நேரத்தில் பெரிய சங்கடம் சார். அதனால் அந்த நோட்டுக்கு என்னால் ஆன உதவியைச் செய்தேன். சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எத்தனை தப்பு! எமினன்ட் என்றால் பேர்பெற்றவர், இமினன்ட் என்றால் இதோ வந்துவிடப்போவது, இரண்டுக்கும் ஒரே அர்த்தத்தை எழுதி வைத்திருந்தாள். திருத்தினேன். சில இடங்களில் வேரும் எழுதினேன். நாற்பத்து மூன்று திருத்தங்கள், ஐந்து நாள் வேலை. இதற்கெல்லாம் கோச்சிங் சென்டரில் என்ன வாங்குவார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

பாவூர்சத்திரத்தில் ஏறினாரே, அந்த அம்மாளுக்குக் கொஞ்சம் தள்ளி இடம் கொடுங்கள். ஆங், சரி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜெபசிங் ஒரு செய்தி கொண்டுவந்தான். "அக்கா ஊரைச் சுத்தி வாராவ அண்ணாச்சி. புது நோட்டு வாங்கியாச்சு. ஒவ்வொரு ஆளு முன்னாலயும் போய் நிக்காவ, மொகத்தப் பாத்ததும் சொல்லு ஞாபகம் வருது, எழுதிக்கிடுதாவ. காலைல இருந்து நானூறு ஆயிட்டுது!"

நான் ஒரு சொல் மறந்தால் அகராதியைத் தேடி வீட்டுக்கு வர வேண்டும். இவளுக்கு ஊரே நடமாடுகிறது.

அன்று சாயங்காலம் எங்கள் தெருவுக்கும் வந்தாள். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நீல நோட்டு என் கையில். தெருமுனையில் குழாய் ரிப்பேர்க்காரர் வீட்டு முன்னால் நின்றாள், எழுதினாள். அடுத்த வீட்டில் எழுதினாள். எங்கள் வாசலுக்கு வந்தாள். வீட்டை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தாள். இப்போது எழுதப் போகிறாள் என்று ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து எட்டிப் பார்த்தேன். புது நோட்டைத் திறக்கவே இல்லை. அந்த நேரம் பார்த்துச் சண்முகவடிவு குப்பைக்கூடையோடு வெளியே போனாள். என்னவோ பேசிக்கொண்டார்கள். சண்முகவடிவு உள்ளே திரும்பியதும், அவள் நோட்டைத் திறந்து ஒரே ஒரு வரி எழுதிவிட்டுப் போனாள்.

"நல்ல பிள்ளை. பாவம், கண்ணு கலங்கிட்டு" என்றாள் என் மனைவி. பிறகு என் கையைப் பார்த்தாள். "அந்த வட்டத்து நோட்டை இன்னும் வட்டத்துல குடுக்கலையோ?"

மறுநாள் விடிந்ததும் ஐந்தே முக்காலுக்கெல்லாம் பூங்காவுக்குப் போய், எடுத்த இடத்திலேயே, அந்தத் திட்டிலேயே வைத்துவிட்டேன். எட்டு நாள் ஆகியிருந்தது. தூணில் பத்துச் சொல் எழுதிவிட்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி செய்தித்தாளை விரித்துக்கொண்டேன்.

மைதீன் பாத்துதான் முதலில் பார்த்தாள். "பேச்சிக்கா! ஒங்க நோட்டு!"

பேச்சித்தாய் ஓடி வந்தாள். எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எல்லோரும் சுற்றிக்கொண்டார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"மழைல கெடந்த நோட்டு மாதிரி இல்லையே. இஸ்திரி போட்டது மாதிரில்லா இருக்கு" என்று ஜெபசிங் ஆரம்பித்தான். அவள் கையிலிருந்து வாங்கிப் புரட்டினான். நான் செய்தித்தாளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.

தூணில் எழுதும்போது நான் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே இரட்டைக் கோடு போடுவேன். இரண்டாவது கோடு முதல் கோட்டைவிடக் கொஞ்சம் குட்டையாக இருக்கும். பதினான்கு வருஷப் பழக்கம். நோட்டில் நாற்பத்து மூன்று இடத்தில் சிவப்பில் அந்தக் கோடு. பிள்ளைகள் நோட்டைப் பார்த்தார்கள். தூணைப் பார்த்தார்கள். பதினோரு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நாற்பத்து மூன்று தப்பு இருந்ததும்மா" என்றேன். அதுதான் வாயில் வந்தது.

பேச்சித்தாய் நோட்டைத் திரும்ப வாங்கி ஒவ்வொரு தாளாகத் திருப்பினாள். எருடைட் வந்த இடத்தில் நின்றாள். ஹெட்மாஸ்டர் பெயருக்குப் பக்கத்தில் நான் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தேன். அது திருத்தம் இல்லை, ஒரு சந்தேகம். அதன் மேல் விரலை வைத்தாள்.

"ஒங்க பேரைத் தேடுனீயளா, அண்ணாச்சி?"

நான் செய்தித்தாளை மடித்தேன்.

"ஒங்களை மட்டும் ஒட்டக் கூடாதுன்னு இவங்க எல்லாருகிட்டயும் நான்தான் சொல்லி வச்சிருந்தேன். நமக்குச் சொல்லு குடுக்கிறவங்கள நாமளே ஒரு சொல்லா ஆக்கலாமான்னு. ஜெபசிங் எத்தனையோ சொல்லு கொண்டுவந்தான். ஒண்ணுக்கும் நான் விடலை."

ஜெபசிங் தலையைக் குனிந்துகொண்டான். அவன் கொண்டுவந்த சொற்கள் எவை என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அவள் கடைசிப் பக்கத்துக்குத் திருப்பினாள். பேனா மூடியைப் பல்லால் கடித்து இழுத்தாள். எங்கேயோ ஓர் இடத்தில் எழுதினாள். சின்ன எழுத்து, 'அண்ணாச்சி' என்று எழுத எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். பிறகு நோட்டை மைதீன் பாத்துவிடம் நீட்டினாள். அவள் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தாள். அப்படியே பத்துப் பேரும் பார்த்தார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. என்னிடம் வரவில்லை. வரக் கூடாது, விதி.

ஆக எனக்கும் ஒரு சொல் ஒட்டப்பட்டுவிட்டது. அதை யாரும் மறுக்க முடியாது. கடைசிப் பக்கத்தில் இருந்ததே பதினேழு சொல்தான். நான் யோசித்துப் பார்த்தேன். அவள் பேசிய மரியாதையையும் சேர்த்துப் பார்த்தால் வெனரபிளாகத்தான் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து சண்முகவடிவிடம் சொன்னேன். "வணக்கத்துக்குரியவர் என்று அர்த்தம்" என்றேன். "இருக்கும், இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். கொஞ்ச நேரம் பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது.

அந்த வருஷம் வட்டத்திலிருந்து நான்கு பேருக்கு வேலை கிடைத்தது. பேச்சித்தாய்க்கும் கிடைத்தது. இப்போது அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு பேங்கில் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறாளாம். போகிற அன்றைக்கு எல்லோரையும் பார்த்துச் சொல்லிக்கொண்டு போனாள். எங்கள் வீட்டுக்கும் வந்தாள், நான் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரம். சண்முகவடிவுக்கு ஒரு சேலை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். நல்ல பார்டர்.

நான் இப்போதும் தினமும் எழுதுகிறேன். திருநெல்வேலிக்குக் கிளம்பினதே சுண்ணக்கட்டி வாங்கத்தான். ஜங்ஷன் பக்கத்தில் ஒரு கடையில் மொத்தமாகக் கிடைக்கும்.

இதோ, ஆலங்குளம் வந்துவிட்டது. நீங்கள் இங்கேதானே இறங்க வேண்டும்? புத்தகத்தை மறந்து வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன், மகளிடம் சொல்லுங்கள், தூணில் எழுதிப் படிப்பது வீண் போகாது. அந்த வருஷம் பதினோரு பேருக்கும் ஒரே நாள், ஒரே வேளை, ஒரே கேள்வித்தாள். அந்தக் கடைசிப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு சொல் தேர்வில் வந்திருந்தது. வெனரபிள் இல்லை. பர்லாய்ன். மறுநாள் காலை தொட்டியடியில் உட்கார்ந்து விடைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

பதினோரு பேரும் சரியாகப் போட்டிருந்தார்கள்.